றெலிக் காக்கா

எங்கள் கரையோரத்தில் கறளைத் தேடி யாரும் போவதில்லை. அது தானாக வீடு தேடி வரும். கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் ஒரு புதுச் சைக்கிளை வாங்கி நிறுத்தினால் அடுத்த மாரி முடிவதற்குள் ரிம் சிவந்துவிடும். யன்னல் கம்பி, கேற், கூரைத் தகரம், பூட்டுத் துவாரம் எல்லாவற்றிலும் உப்புக்காற்றுக்குப் பங்குண்டு. பெயின்ட் கடைக்காரர்கள் பிழைப்பதே அதனால்தான். இந்த ஊரில் பிறந்து, இந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த ஒரு மனிதர், கறள் பிடித்த ஆறு ஆணிக்கும் தோல் உரிந்த ஒரு பலகைக்கும் டொலரில் காசு கொடுத்துவிட்டு வந்தார். அவர்தான் றெலிக் காக்கா.

பட்டப்பெயர் ஊர் வைத்தது. புதிதாகச் செய்து, தொழிற்சாலையிலேயே அடித்து உரசிப் பழசாக்கி விற்கும் கிட்டாருக்கு றெலிக் என்று பெயர் என்பதை அவரே தேத்தண்ணிக் கடையில் விளக்கினார். விளக்கியது அவர் செய்த பிழை. எங்கள் ஊரில் ஒரு மனிதனுக்குப் பெயர் வைக்க அதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை.

ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதினாலும் இவர் தனியாள் அல்ல. அக்கரைப்பற்றில் இவருடைய மறுபதிப்பு ஒருவர் பழைய ஹொண்டா சீ-நைன்ரியைத் தேடி அலைகிறார். நிந்தவூர்க்காரர் ஒருவருக்கு றேடியோப் பித்து. வால்வு றேடியோ வாங்கி, உள்ளே புளூடூத் பூட்டி வைத்திருக்கிறார். எல்லாருக்கும் வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில். எல்லாரும் வெளிநாட்டில் உழைத்தவர்கள். நமது காக்கா கட்டாரில் குவான்டிற்றி சேர்வேயர். அதாவது, ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூடை சீமெந்து, எத்தனை தொன் கம்பி, எவ்வளவு சேதாரம் என்று சதம் பிசகாமல் கணக்குப் பார்ப்பது அவருடைய தொழில். சேதாரத்தைக் கழித்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டிய மனிதர், கடைசியில் சேதாரத்துக்கென்றே காசு கொடுத்ததுதான் எங்களுக்கு விளங்காத விஷயம்.

அவரிடம் கேட்டால் வரலாற்றிலிருந்து தொடங்குவார். அமெரிக்காவின் ஃபென்டர் கம்பனி 1954இல் ஸ்ட்ராட்டகாஸ்ரர் கிட்டாரைச் சந்தைக்கு விட்டது. அந்தக் காலத்துக் கிட்டார்களில் பல நைட்ரோசெலுலோஸ் வார்னிஷ் பூசப்பட்டவை. அது மெல்லிய பூச்சு. வருடம் போகப்போக மஞ்சளிக்கும், குளிரில் மயிரிழையாக வெடிக்கும், முழங்கை உரசும் இடத்தில் கழன்று மரம் தெரியும். அயர்லாந்துக்காரர் ரோரி கலகர் 1963இல் நூறு பவுணுக்குக் கடனில் வாங்கிய ஸ்ட்ராட்டகாஸ்ரரில் கடைசியில் பெயின்ட் மிஞ்சியது கொஞ்சம்தான். மனுசனின் வியர்வையே அதை உரித்தெடுத்துவிட்டது என்பார்கள். 2024இல் அது எட்டு இலட்சம் பவுணுக்கு மேல் ஏலம் போனது.

“வேர்வைக்கு எட்டு லெச்சமா?” என்றார் கடைக்காரர். “எங்கட மேசன்மார்ர சேட்டையெல்லாம் ஏலத்துல விட்டா என்ன போகும்?”

காக்கா இந்தக் குறுக்கீடுகளைப் பொருட்படுத்துபவரல்ல. அசல் பழசுக்கு அப்படி விலை ஏறியதும் கம்பனி யோசித்தது. 1987இல் தொடங்கிய ஃபென்டரின் கஸ்டம் ஷொப் 1995இல் றெலிக் என்ற வரிசையை வெளியே விட்டது. புதுக் கிட்டார், ஆனால் பார்வைக்கு நாற்பது வருடம் ஊர் ஊராக அடிபட்டது. இதற்குப் பின்னால் ஒரு கதையும் உலாவுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸுக்குப் புதுக் கிட்டார்கள் செய்து கொடுத்தபோது, இவை மினுங்குகின்றன, கொஞ்சம் அடித்து நொறுக்கித் தந்தால் வாசிக்கிறேன் என்றாராம். மெய்யோ பொய்யோ, காக்கா இந்தக் கதையை ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசை போல, யாரிடமிருந்து யார் கேட்டார் என்பதோடு சொல்லுவார்.

நொறுக்குவதிலும் தரம் இருக்கிறது. பெட்டியில் பூட்டியே கிடந்ததுபோல் ஒரு வகை. கட்டிலுக்குக் கீழே கிடந்து எப்போதாவது எடுத்து வாசித்ததுபோல் ஒரு வகை. அடுத்தது றெலிக். அதற்கும் மேலே ஹெவி றெலிக், பாருக்குப் பார் இழுபட்டு, சண்டையில் ஆயுதமாகவும் பாவிக்கப்பட்டதுபோல. மணல் தாளால் உரசுவார்கள், சாவிக்கொத்தால் அடிப்பார்கள், இரும்புச் சாமான்களுக்கு அமிலப் புகை காட்டிக் கறள் ஏற்றுவார்கள். வெள்ளைப் பிளாஸ்திக்கைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து மஞ்சளாக்குகிற கைவேலைக்காரர்களும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். நமது நாட்டுத் தேயிலைக்கு இப்படியொரு பாவனை உண்டென்று தேயிலைச் சபைக்குத் தெரியுமோ என்னவோ.

“அப்ப, கூட ஒடஞ்சா கூடக் காசா காக்கா?”

“ஓம்.”

“மருதமுனைச் சாரனை நாலு எடத்துல கிழிச்சிப்போட்டு டபிள் விலை சொல்லிப் பாப்பமா?”

“ஜீன்ஸ்ல செய்றான்தானே. உங்கட மகன் போட்டிரிக்கிறது என்ன?”

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். காக்கா விவாதத்தில் வென்ற ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன். உண்மையில் அவருடைய வாதத்தில் ஒரு பசையும் இருக்கிறது. எரிக் கிளப்டனின் பிளக்கி என்ற கறுப்புக் கிட்டார் 2004இல் ஒன்பதரை இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. இரண்டு வருடம் கழித்து ஃபென்டர் அதைப்போல 275 பிரதிகள் செய்தது. சிகரட் சுட்ட தழும்பு உட்பட எல்லாக் காயமும் அப்படியே. விற்றுத் தீர்ந்தது. ஆகவே பைத்தியம் கல்முனையில் தொடங்கவில்லை. இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விலையை எழுதத்தான் வேண்டும். கஸ்டம் ஷொப் றெலிக் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் டொலர் போகும். டொலர் முந்நூறு ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து இலட்சம். காக்காவுடையது பன்னிரண்டுக்குக் கிட்ட. அவர் அதைத் தோஹாவில் வாங்கி, விமானத்தில் கெஞ்சிக் கைச்சாமானாகக் கொண்டுவந்து, கட்டுநாயக்காவிலிருந்து ஊர்வரைக்கும் வேனில் மடியிலேயே வைத்திருந்தார். பின்சீற்றில் போர்வை, டாங், கோடாரித் தைலம், பிள்ளைகளின் சொக்லட் எல்லாம் ஒன்றன்மேலொன்று நசுங்கிக் கிடந்தன. ஏற்கெனவே அடிபட்ட சாமான் ஒன்றுதான் அடிபடாமல் வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவார். வீடு மனைவியின் பெயரில் இருக்கும், அதிகாரம் மாமியின் கையில் இருக்கும். ஆகையால் கிட்டார் இறங்கியதும் மாமி வீட்டில்தான். பெட்டியைத் திறந்ததும் வீட்டில் ஒரு சத்தமில்லை. உரிந்த பெயின்ற், கறுத்த ஆணி, மஞ்சளித்த பிளாஸ்திக். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. காக்கா அந்தப் பரிதாபத்தைப் பிடித்துக்கொண்டார்.

“கொழும்புல ஒரு ஹோட்டல்ல வாசிச்ச மனுசன்ட பழைய சாமான். முப்பத்தஞ்சாயிரத்துக்குத் தந்தான்.”

மாமிக்குப் பொறுக்கவில்லை. “இந்தப் பழஞ்சாமானுக்கு முப்பத்தஞ்சாயிரமா? ஒங்கள நல்லா ஏமாத்திப்போட்டான் மகன்.”

றெலிக் கிட்டாரின் பெருமை மரத்தில், சுருதியில், கழுத்தின் வழுவழுப்பில் இருப்பதாக வெளிநாட்டு ரசிகர்கள் எழுதுகிறார்கள். அவர்களுக்கு மாமி இல்லை. பன்னிரண்டு இலட்சம் கொடுத்தது முப்பத்தைந்தாயிரத்தைப் போலத் தெரிகிறது என்பதைவிடப் பெரிய வசதி எந்தச் சாமானிலும் கிடையாது. புதுக் கார் வாங்கியவன் இப்படி ஒளிக்க முடியுமா?

ஆனால் பழசென்று நம்பிய வீடு அதைப் பழசைப்போலவே நடத்தியது. அடுத்த வெள்ளிக்கிழமை காக்கா ஜும்ஆவுக்குப் போய்வருவதற்குள், மருமகனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மாமி பழப்புளியும் சாம்பலும் எடுத்து, கறுத்திருந்த பாலத்தையும் முறுக்காணிகளையும் குத்துவிளக்குத் துலக்குவதுபோல் துலக்கி வைத்துவிட்டார். கலிபோர்னியாவில் அமிலப் புகை காட்டிக் கொண்டுவந்த நாற்பது வருடம் அரைமணித்தியாலத்தில் போய்விட்டது. “இப்ப பாருங்க, புதிசி மாதிரி இரிக்கி” என்றார். காக்கா, “நல்லாரிக்கி மாமி” என்று சொன்னார். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு கிட்டாருக்குப் பூட்டுள்ள பெட்டி. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள். அறைக்குள் ஈரப்பதம் காட்டும் கருவி. வாடைக்காற்று தொடங்கினால் கடற்பக்கத்து யன்னல் திறக்கப்படாது. காரணம் கேட்டேன். “உப்புக்காத்துப் பட்டாக் கறள் பிடிக்கும் மச்சான்” என்றார். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய கறளை, இலவசமாக வரும் கறளிடமிருந்து காப்பாற்ற ஒரு மனிதன் இத்தனை பாடுபடும்போது நடுவில் பேசுவது மரியாதையல்ல.

அதே அறையில் மாமியின் முதிரை அலுமாரி ஒன்று நிற்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து நின்ற உயரத்துக்கு அதன் கதவில் ஒரு கறுத்த கோடு இருந்தது. அடுத்த வருடமே ஓடாவியைக் கூப்பிட்டு அதை உரசி வார்னிஷ் அடித்துவிட்டார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் யாரால் சோறு தின்ன முடியும்? பழசின் தழும்பு மேல் ஆசை வருவதென்றால் அது பிறத்தியாருடைய பழசாக இருக்கவேண்டும் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கையால் தேய்ந்த வாத்தியம் இல்லாமலில்லை. கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் கொடியேற்றக் காலத்தில் வரும் பாவாமாரின் றபானைப் பாருங்கள். விரல் விழும் இடம் கறுத்து மினுங்கும். அதைக் காட்டிக் காக்காவிடம் ஒருமுறை சொன்னேன். உற்றுப் பார்த்துவிட்டு, “நல்ல ஏஜிங்” என்றார். பாவா றபானைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

வாசிப்பாரா என்று கேட்கிறீர்களா? வாசிப்பார். மூன்று கோர்ட் தெரியும். சிலோன் மனோகரின் பொப் காலத்துப் பாட்டுகளுக்கு மூன்று கோர்ட் தாராளம். இசைக்கருவி கூடுமா கூடாதா என்ற வழக்கு எங்கள் ஊர்களில் இன்னும் தீரவில்லை. அதை மௌலவிமார் பார்த்துக்கொள்ளட்டும். காக்கா அதற்கும் ஒரு வழி கண்டிருந்தார். மின்கிட்டாரின் உடம்பு கெட்டி மரம். அம்ப்ளிஃபயரில் இணைக்காவிட்டால் கொசு பறக்கும் சத்தம்தான் வரும். ஆகவே அம்ப் வாங்கவேயில்லை. இஷாவுக்குப் பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு டிங் டிங் என்று தட்டுவார். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய நாட்களைப் பற்றி இப்போதும் நாங்கள் பொருமுகிறோம். ஆனால் கரன்ட் இல்லாமலே கரன்ட் கிட்டார் வாசிப்பவருக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே தெரியாது.

வில்லங்கம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுத் தம்பி ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். யூடியூபில் கிட்டார் பழகுகிறவன். ஒருநாள் கிட்டாரின் தலைப்பக்கத்துப் பெயரையும், பின்பக்கத்து முத்திரையையும் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை. நேரே காக்காவின் மனைவியிடம் போய், “ராத்தா, அந்தப் பழைய கிட்டாரைத் தாறீங்களா? நாப்பதாயிரம் தாறன்” என்றான்.

மனைவிக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ஏமாந்த புருசனின் மானத்தைக் காப்பாற்ற ஐயாயிரம் இலாபத்தோடு ஒரு வாடிக்கை வந்திருக்கிறது. உடனே வாக்குக் கொடுத்துவிட்டார். மாமி துஆச் செய்தார். அன்று மத்தியானம் புரியாணி. காக்கா மட்டும் சாப்பிடவில்லை. விற்கமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். ஏன் என்று சொன்னால் எவ்வளவு என்று சொல்லவேண்டும்.

இரவே மதில் பக்கத்தில் தம்பியைச் சந்தித்தார். பேச்சுவார்த்தை கால் மணித்தியாலம்தான். தம்பி நல்ல பிள்ளை, அதிகம் கேட்கவில்லை. புதுசாக, மினுங்குகிற, சீனாவில் செய்த ஒரு கிட்டார், கூடவே சின்னதாக ஓர் அம்ப். அறுபத்தையாயிரம் முடிந்தது. மறுநாள் காலையில் வந்து, “வேணாம் ராத்தா, அது சரியான பழசு, தேறாது” என்று சொல்லிவிட்டுப் போனான். வீடு மறுபடியும் சோகத்தில் ஆழ்ந்தது. காக்கா இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டார்.

தம்பி இப்போது பின்னேரங்களில் அம்பைப் போட்டு வாசிக்கிறான். உண்மையைச் சொன்னால் காக்காவைவிட நன்றாக வாசிக்கிறான். சத்தம் கூடுகிறது என்று தெருவில் முறைப்பாடும் வந்திருக்கிறது. காக்கா அதில் கலந்துகொள்ளவில்லை.

கிட்டார் வாங்க நினைக்கும் தம்பிமார் கழுத்து நேராக இருக்கிறதா, ஃப்ரெற் தேய்ந்திருக்கிறதா, மேலே போகப்போகச் சுருதி பிசகுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மற்றதை ஊர்க் காற்றே செய்துகொடுக்கும். கல்முனையில் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். பன்னிரண்டு இலட்சம் என்று நான் மேலே எழுதியதைக் காக்கா வீட்டுக்குள் யாரும் சத்தம்போட்டு வாசித்துவிடாதீர்கள்.