கையால் வைரஸ் எடுக்கும் முறை

பென்டிரைவ் வைரஸ் என்பது சட்டைப்பையில் ஏறி வீடு வீடாகப் போகும் சின்ன நிரல். யாங்கோனின் வடக்கு ஓரத்தில் உள்ள ஷ்வேப்யிதாவில் ஒரு காலத்தில் அதற்கு நல்ல மரியாதை. 2014இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் சேவை தொடங்கும்வரை மியன்மாவில் பலருக்கு இணையம் எட்டாக்கனி. பாட்டு, சினிமா, கல்யாண ஆல்பம் எல்லாம் பென்டிரைவில்தான் கைமாறின, கூடவே வைரஸும். 1988இல் கல்விக்கழகமாகத் தொடங்கிய யாங்கோன் கணினிப் பல்கலைக்கழகமும் இதே ஷ்வேப்யிதாவில்தான் இருக்கிறது. வைரஸ் அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியதாகத் தகவல் இல்லை.

அறிகுறிகள் இரண்டு. முதலாவது, பென்டிரைவில் உள்ள ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகி, மூலையில் வளைந்த அம்புக்குறியோடு நிற்கும். உண்மையான ஃபோல்டர் அழிவதில்லை, ஒளிந்திருக்கும். 'கல்யாண ஆல்பம்' மீது கிளிக் செய்தால் ஆல்பமும் திறக்கும், வைரஸும் ஓடும். படம் தெரிந்துவிட்டதால் வீட்டாருக்குப் புகார் இல்லை. இரண்டாவது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'உங்கள் நிர்வாகி இதை முடக்கியுள்ளார்' என்று அறிவிப்பு வரும். அந்த வீட்டின் ஒரே நிர்வாகி அதைப் படித்துக்கொண்டிருப்பவர்தான்.

சிகிச்சைக்கு முன் மின்சாரம் இருக்கிறதா, இன்னும் ஒரு மணி நேரமாவது இருக்குமா என்று விசாரிப்பது யாங்கோன் வழக்கம். விண்டோஸ் 7, அதற்கு முந்தியவை என்றால் கம்ப்யூட்டர் எழும்போதே எஃப் 8 பொத்தானைத் தட்டி சேஃப் மோடில் நுழைய வேண்டும். அங்கே பெரும்பாலான வைரஸ்கள் தானாக எழுவதில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டும் எழுந்து வருவார்கள். "புதுசே வாங்கிடலாமே" என்பவர் பணம் தரப்போகிறவராக இருக்கமாட்டார்.

அடுத்து, அங்கேயும் வைரஸ் நிரல் ஓடினால் அதை நிறுத்த வேண்டும். பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பது அவசியம். 'எஸ்விசிஹோஸ்ட்' விண்டோஸின் சொந்தப் பிள்ளை. 'எஸ்சிவிஹோஸ்ட்' எழுத்து மாறிப் பிறந்த போலி. அவசரத்தில் அசலை நிறுத்தினால் கம்ப்யூட்டரே படுத்துவிடலாம். பிறகு ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற இடத்தில் உள்ள போலியின் பதிவை நீக்கி, கோப்பை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்று விண்டோஸ் வைரஸுக்காக வாதாடும்.

ஒளிந்த ஃபோல்டர்களை மீட்க 'அட்ரிப்' கட்டளை உண்டு. மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் என்று கொடுத்தால் ஆல்பம் திரும்பிவிடும். 'ஆட்டோரன்' கோப்பு இருந்தால் அதையும் அழிக்க வேண்டும். 2008இல் உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் புகுந்த வழிகளில் இதுவும் ஒன்று. எக்ஸ்பி, விஸ்டாவில் பென்டிரைவ் தானாக ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2011இல் வெளியிட்ட அப்டேட் தடுத்தது. அதைப் பெற இணையம் வேண்டும் என்பது தனிக்கதை.

கைவைத்தியத்துக்கும் எல்லை உண்டு. சாலிட்டி போன்ற வைரஸ்கள் நல்ல நிரல்களுக்குள்ளேயே புகுந்துகொள்ளும்; கையால் பிரித்தெடுக்க முடியாது. நிரல்களை விட்டுவிட்டு மற்ற கோப்புகளை மட்டும் நகலெடுத்து, விண்டோஸை மறுபடி போடுவது நம்பகமான வழி.

கம்ப்யூட்டர் சுத்தமான அன்றே வீட்டிலுள்ள பென்டிரைவ்கள் அனைத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எல்லோரும் தங்களுடையது சுத்தம் என்றே சொல்வார்கள். மாமனார் சொன்னாலும் சரி, அதற்கும் ஒருமுறை அட்ரிப் போட்டுப் பார்ப்பதே முறை.