புதிய புரொப்பெல்லர் குறித்துத் தந்தையாருக்கு ஒரு விளக்கம்

விஸ்கான்சின், மார்ச்

விமானத்தில் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மரக் காற்றாடியைக் கழற்றிவிட்டு மூன்று அலகுக் காற்றாடி எதற்கு என்று தந்தையார் எழுப்பிய வினாவுக்கு, மேற்படி விமானத்தைத் தம் கார் கொட்டகையில் கட்டியவரான இளைய மகன் தொலைபேசியில் சொல்லத் தொடங்கிய விடை, தமக்கையார் இடைமறித்து விலையை விசாரித்ததால் முற்றுப்பெறவில்லை. ஆதலின் அது இங்கே எழுதப்படுகிறது. விலை எழுதப்படவில்லை.

மரத்தின்மீது குற்றமில்லை. 1903இல் ரைட் சகோதரர்கள் ஸ்புரூஸ் மரத்தில் செதுக்கிய புரொப்பெல்லர்களே தமக்குக் கிடைத்த ஆற்றலில் ஏறத்தாழ முக்காற்பங்கை உந்துவிசையாக மாற்றின என்பதைத் தந்தையார் தம் கட்சிக்குச் சான்றாகக் கொள்ளலாம். ஆயினும் மரம் ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்குவதால், கோடையில் இறுக்கிய போல்ட்டுகளைப் பனிக்காலத்தில் டார்க் ரெஞ்சு கொண்டு மீண்டும் சரிபார்க்க வேண்டியுள்ளது. அன்றியும் செதுக்கிய மரத்தின் பிட்ச், அதாவது காற்றில் சற்றும் நழுவாது முன்னேறினால் ஒரு சுற்றில் கடக்கக்கூடிய தொலைவு, செதுக்கியபடியே நிற்கும். அது குறைவாயின் விமானம் விரைந்து மேலேறும், ஆனால் நெடும்பயணத்தில் எஞ்சின் வீணே அலறும். மிகுதியாயின் ஓடுபாதை முடியும் மட்டும் தரையை விட்டுக் கிளம்ப மனம் வராது. புதியதிலோ எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வோர் அலகின் கோணத்தையும் அளந்து மாற்றலாம். மாற்றியபின் வாலைக் கயிற்றால் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முழுவிசையில் சுற்றுவேகத்தைக் குறிக்க வேண்டும். 68 அங்குல விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2700 முறை சுற்றுகையில் அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 800 அடி பாய்வதால், அக்கம்பக்கத்தார் அச்சமயம் நலம் விசாரிக்க வருவதில்லை.

இனிச் சட்டம். வீட்டில் கட்டிய விமானத்தின் வாயிலருகே 'சோதனை' எனக் குறைந்தது 2 அங்குல உயரத்தில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே, இது பொழுதுபோக்காளர் கட்டியது, முறையான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதது என்ற அறிவிப்பு பயணியின் கண்ணெதிரே இருக்க வேண்டும். இத்தகைய புரொப்பெல்லர் மாற்றம் 'பெரிய மாற்றம்' எனப்படுவதால், விமானம் சோதனைப் பருவத்துக்கே திரும்பி, குறைந்தது 5 மணி நேரம் சந்தடியற்ற நிலப்பரப்பின்மேல் பறந்தாக வேண்டும். எஞ்சின் அதே, இறக்கை அதே, ஓட்டுபவரும் அவரே. இருப்பினும் பேரன் எடுத்த தாத்தாவுக்கு மறுபடியும் காதுகுத்து. அந்த 5 மணி நேரமும் பயணி ஏறலாகாது. மனைவி ஏறலாகாது; சுற்றுவேகத்தைக் குறித்துத் தர முன்வந்த நண்பர் ஏறலாகாது; அறிவிப்பு மட்டும், படிக்க ஆளில்லாத இருக்கையின் முன்னே, சட்டப்படி ஒட்டியிருத்தல் வேண்டும்.

இதன் உண்மையான இடர் பின்னரே புலப்படுகிறது. ஊரில் கிணற்று மோட்டார் பழுதானால்கூட நால்வர் சூழ்ந்து யோசனை சொல்வர். இங்கு உறைந்த வின்னபேகோ ஏரியைத் தொலைவில் கண்டவாறு, முன்னினும் விரைந்து மேலேறும் விமானத்தில், பார்த்தீர்களா என்று திரும்பிக் கேட்கும் மகனுக்கு அருகே பாதுகாப்புப் பட்டையே பூட்டிக் கிடக்கிறது. மேலேறும் வேகம் கூடியது உறுதி. அதனைத் தமக்கையாரிடம் தெரிவிக்கலாம்.

ஜூலை இறுதியில் ஆஷ்காஷ் நகரில் விமானத் திருவிழா கூடுகையில் பெற்றோர் இங்கிருப்பர் என்பதால், பனி விலகியதும் எஞ்சிய மணிகள் முடிக்கப்படும். முதல் பயணி அன்னையார் என்பது முடிவாகிவிட்டது. கண்ணெதிரே உள்ள அறிவிப்பைத் தந்தையார் அவருக்குப் படித்துக் காட்டாதிருக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.