கூரைமேல் ஒரு தமிழாசிரியர்

பிள்ளைகளுக்குத் தமிழ் தங்க வேண்டுமானால் வீட்டில் தமிழ் டீவி ஓட வேண்டும் என்று தீர்மானித்து, கூரையில் டிஷ் பூட்டினேன். தீர்மானத்தை மனைவியிடம் சிங்களத்தில்தான் அறிவித்தேன்.

சிலாபத்துக்குத் தெற்கே எங்கள் கரையில் இது புதுமையல்ல. சென்ற நூற்றாண்டின் நடுவில் இங்கே சுவாமிமார் நடத்திய பள்ளிக்கூடங்கள் தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறின. அம்மா அதற்கு முந்திய வகுப்பு. செபமாலை முதல் சண்டை வரை எல்லாம் தமிழ். நான் பிந்திய வகுப்பு. செபம் தமிழில், கணக்கு சிங்களத்தில், மீன் வாடியில் பேரம் எந்த மொழியில் கூட விலை கிடைக்குமோ அந்த மொழியில். காலில் முள் குத்தினால் மட்டும் சுத்தச் சிங்களம்.

இதே மாவட்டத்துக் கற்பிட்டியில்தான் 1807இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் நூலாகக் கொண்டுவந்தவர். அதை அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

டிஷ் யோசனை என் சொந்தச் சரக்கல்ல, துருக்கியருடையது. 1961இல் ஒப்பந்தம் ஆனபின் அவர்கள் ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குக் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள். 1990இல் துருக்கி அரசுத் தொலைக்காட்சி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று செய்மதிச் சேவை தொடங்க, மாடிமுகப்புகளில் டிஷ்கள் முளைத்தன. பிள்ளைகளோ இரண்டு மொழியையும் ஒரே வாக்கியத்தில் பேசி வளர்ந்தார்கள். ஜெர்மனியில் அவர்கள் துருக்கியர். துருக்கிக்குப் போனால் ஜெர்மன்காரர். இவ்வளவையும் வாசித்துவிட்டுத்தான் நான் டிஷ் பூட்டினேன். என் மனவுறுதியை நீங்கள் மெச்ச வேண்டும்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. மகள் சன் டீவி நாடகம் பார்த்து, மாமியாரைப் பழிவாங்கும் தமிழில் தேறிவிட்டாள். அவளுக்கு மாமியார் வாய்க்க இன்னும் எத்தனையோ வருடம் கிடக்கிறது. மகன் கிரிக்கெட் மட்டும் பார்ப்பான், அதுவும் சத்தத்தை நிறுத்திவிட்டு. மிச்ச நேரத்தில் நான் சிங்கள நாடகம் பார்க்கிறேன். தமிழ் நாடகத்தில் அவர்கள் அழும் வேகத்துக்கு என் காது ஈடுகொடுப்பதில்லை.

ஆகஸ்டில், தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்கென்று மிலானிலிருந்து தம்பி குடும்பம் வந்து இறங்கியது. வென்னப்புவைக்குச் சின்ன இத்தாலி என்று பெயர் வாங்கிக் கொடுத்த ஆட்களில் அவனும் ஒருவன். அவன் பிள்ளைகளுக்கு வாயில் இத்தாலியன், காதில் சிங்களம். தமிழ் இருந்த சுவடே இல்லை. பெரியப்பா என்ற கடமையில் தமிழ்ச் சானலைப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் கூடத்தில் நான் மட்டும்.

எல்லாரும் குசினியில். அம்மா நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். தமிழில் கேட்டால்தான் கால் என்பது அங்கே சட்டம். முதல்நாள் விரலை நீட்டிய மிலான் பையன் வெறும் சொதியோடு எழும்பினான். அந்த வாரம் முடிவதற்குள் "ஆச்சி, பெரிய கால் எனக்கு" என்றான். உடனே என் மகன், அதுவரை ஒற்றைச் சொல்லுக்குமேல் தமிழ் பேசாதவன், "ஆச்சி, அவனுக்கு முதலே ரெண்டு குடுத்திட்டீங்க, இது என்ட பங்கு!" என்று முழு வழக்கே தாக்கல் செய்தான்.

டீவிக்கு நம் பதில் தேவையில்லை. வாயைத் திறக்காதவனுக்கும் படம் ஓடும். அம்மாவிடம் அந்தச் சலுகை கிடையாது.

மாதக் கட்டணம் வந்தபோது டிஷ்ஷைக் கழற்றலாமா என்று கேட்டேன்.

"கழட்டு மகன். அந்தக் காச மாசா மாசம் என்னட்ட தா. நண்டு என்ன சும்மாவா வருது?"

இப்போது இரண்டு கட்டணமும் கட்டுகிறேன். நான் பார்க்கும் சிங்கள நாடகம் இன்னும் முடியவில்லை.