கேள்வி – பதில்: ஆடிக்காற்றும் கடலலையும்

கேள்வி: குளத்திலேயே தண்ணீர் நிற்காத ஊர் எங்களுடையது. கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கிற சமாசாரம் எங்களுக்கு எதற்கு?
– ஒரு வாசகர், மேலநீலிதநல்லூர்

பதில்: ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, உங்கள் பக்கத்துக் காடுகளில் நிற்கும் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிவிட்டு, காயப்போட்ட வேட்டியையும் கொண்டுபோகிறதே, அந்தத் தென்மேற்குப் பருவக்காற்றுதான் மலையேறுவதற்கு முன்னால் அரபிக்கடலைக் கடைந்து கேரளக் கரையில் அலைகளை மோதவிடுகிறது. காற்றுக்கு நீங்கள் பங்காளியென்றால் அலைக்கும் பங்காளிதான்.

கேள்வி: சரி, ஓரிடத்தில் நில்லாத அலையை யந்திரத்தில் பூட்டுவது எப்படி?
– கல்லூரி மாணவி, மேலநீலிதநல்லூர்

பதில்: அடியில் சிறு ஓட்டை விழுந்த குடம் ஒன்றை எடுத்து, தொட்டி நீரில் கவிழ்த்து அமுக்கிப் பாருங்கள், ஓட்டையின் வழியே காற்று உஸ்ஸென்று சீறி உள்ளங்கையில் படும். மெல்லத் தூக்கினால், அதே ஓட்டை காற்றை உள்ளே இழுக்கும். திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞத்தில், மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரையொட்டி, சென்னை ஐ.ஐ.டி.யினர் 1991-ல் இயக்கிய 150 கிலோவாட் நிலையத்தின் தத்துவம் முழுவதும் இந்தக் குடத்துக்குள் அடக்கம். அங்கே குடத்துக்குப் பதில் கடலடியில் அமர்ந்த கான்கிரீட் அறை. அமுக்குகிற கைக்குப் பதில் அலை. ஓட்டையில் சீறும் காற்று அங்கே ஒரு சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் தரும். காற்று வெளியேறும்போது ஒரு திசையிலும் உள்ளே வரும்போது எதிர்த்திசையிலும் சக்கரம் சுற்றினால் காரியம் கெட்டுவிடுமல்லவா? காற்று எப்பக்கம் வீசினாலும் ஒரே பக்கமாகச் சுற்றும் சக்கரத்தைப் பெல்பாஸ்ட் நகரத்துப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் முன்னமே கண்டுபிடித்திருந்தார். அதன் மகிமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

கேள்வி: தூத்துக்குடிக் கடலில் ஏதோ மிதக்கவிட்டார்களாமே, அதைக் கொண்டு எங்கள் தறி ஓடுமா?
– விசைத்தறித் தொழிலாளி, சங்கரன்கோவில்

பதில்: ஓடாது. 2022 நவம்பரில், கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தூரத்தில், 20 மீட்டர் ஆழமுள்ள நீரில் அதே ஐ.ஐ.டி.யினர் பரீட்சித்த அந்த மிதவையின் பெயர் சிந்துஜா, அதாவது கடலில் பிறந்தவள். அவள் தந்தது 100 வாட். ஒரு குதிரைசக்தி மோட்டாருக்கே 746 வாட் வேண்டும். பிறந்த குழந்தையைத் தறிக்குழியில் இறக்கலாமா?

கேள்வி: அப்படியானால் இத்தனை பிரயத்தனம் எதற்கு?
– முதற்கேள்வி கேட்ட அதே வாசகர்

பதில்: விழிஞத்தின் அனுபவத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பருவக்காற்றுக் காலத்தில் பொங்கியெழும் அலை மற்ற மாதங்களில் இளைத்துப்போகிறது. உப்புநீரோ இரும்பை ஓயாமல் அரிக்கிறது. 2004-ல் அலைமின்சாரத்தைக் கொண்டே நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டிய அந்த நிலையம் 2011-ல் ஓய்ந்துவிட்டது. நமது கரிசல் நிலத்துக்குக் காற்றாலையே உற்ற துணை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கம்பி இழுத்துப்போக முடியாத நடுக்கடலில், கப்பலுக்கு வழிகாட்டும் விளக்குக்கும் குடிநீரின்றித் தவிக்கும் சிறு தீவுக்கும், காலடியில் புரளும் அலையைவிடப் பக்கத்துத் துணை வேறு எது? ஜப்பானில் யோஷியோ மசுதா அமைத்த மிதவை விளக்குகள், அலை தந்த சொற்ப மின்சாரத்தைக் கொண்டே 1965 முதல் கடலில் எரிந்து வந்திருக்கின்றன.