முத்தா, மாணிக்கமா

வைகாசிச் சடங்குக்கு அம்மம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வாவியைக் கடப்பா. மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை. பாதைப் படகு வந்து கரை தட்டும்வரை வெயிலில் நிற்போம். செட்டிபாளையத்துக் கண்ணகை அம்மன் கோயிலில் இரவிரவாக வழக்குரை படிப்பார்கள். மதுரை எரியும் கட்டத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். அம்மம்மா அழுவது அதற்கு முன்னாலேயே, பாண்டியன் சபையில் கண்ணகி ஒற்றைச் சிலம்போடு நிற்கும்போது.

பதினேழு வயதில், உயர்தர வகுப்பில், ஒரு கட்டுரை எழுதினேன். காதலில் கண்ணை மூடிக்கொண்டவள், கோபத்தில் அறிவையும் சேர்த்து எரித்தவள் என்று கண்ணகிக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். நல்ல புள்ளி கிடைத்தது. பெருமையோடு வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைக்கவும் தெரியாத அம்மம்மா கேட்டா: "முத்தா மாணிக்கமா எண்டு உடைச்சுக் காட்டினவ ஆர் கிளி? அழுதழுது நிண்டாலும் அவட கணக்குப் பிழைக்கல்லயே."

படிக்காதவரின் பேச்சு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

2014இல் பாலம் வந்தது. அம்மம்மா அதைப் பார்க்கவில்லை. வீ. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த 'கண்ணகி வழக்குரை'யைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவவின் கேள்விதான் காதில் விழுகிறது. இளங்கோ சிலம்பின் பெயரால் சொன்ன கதையை எங்கள் ஊரார் வழக்குரை என்றே அழைத்தார்கள். கண்ணகி வாதாடியதுதான் அவர்களுக்குக் கதை. சபையும் காவலும் சூழ இருந்த அரசன், ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பி, விசாரிக்காமல் அவள் கணவனைக் கொல்லச் சொன்னான். சிலம்பை உடைத்துப் பரலைப் பார்க்கவேண்டும் என்ற யோசனை, அப்போதுதான் தாலி இழந்து வந்தவளுக்கு வந்தது. தன் சிலம்பையே கணவனுக்காகக் கொடுத்தவள் அல்லவா? மதுரைக்குத் தீ வைத்தபோதுகூட முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள்.

1990 செப்டம்பர் 5 அன்று, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தின் அகதி முகாமிலிருந்து 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. ஒரு நினைவு நாளில் அங்கே ஒரு தாயின் பக்கத்தில் இருந்தேன். அவவின் சொப்பிங் பையில் முறைப்பாட்டுத் துண்டுகள், கடிதப் பிரதிகள், மங்கிய ஒரு படம். எல்லாம் திகதி வரிசையில். கண்ணீர் வழிய வழிய ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தா. ஒரு கடிதத்தின் திகதியை நான் பிழையாக வாசித்துவிட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே திருத்தினா:

"ஆறு இல்ல மகள். எட்டாந் திகதி."