ரிவிஷன் மாமா

மார்கழி பிறக்க ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் கச்சேரி களை கட்டிவிடும். சபாக்களின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்த அன்றே மாமா அதைக் கட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவார். ஒவ்வொரு வித்வானின் பெயருக்கு எதிரேயும் எத்தனை ஆல்பம் "முடிக்கணும்" என்று பென்சில் குறிப்பு. கேட்கணும் என்று சொல்லவே மாட்டார். தணிக்கைத் துறையில் முப்பது வருஷம் இருந்தவர். வவுச்சரைப் பார்க்காமல் வாய்ப்பாட்டைக்கூட ஒப்புக்கொள்ள முடியாது.

கர்நாடக சங்கீதத்தில் இன்ன பாட்டு என்று முன்கூட்டிச் சொல்கிற வழக்கம் அநேகமாக இல்லை. ஆகவே மாமா முக்கியக் கேள்விகளை ஊகிக்கிறார். போன வருஷம் கல்யாணி மெயின் என்றால் இந்த வருஷம் தோடி வரும் என்று சத்தியம் செய்வார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த வரிசை, அதாவது வர்ணத்தில் தொடங்கித் துக்கடா வழியாக மங்களத்துக்குப் போகிற வரிசை, இன்னும் பெரிதாக மாறவில்லை என்பது ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம். நடுவில் எது வந்தாலும் துக்கடாவில் மார்க் எடுத்துவிடலாம்.

படித்ததால் வந்த கோளாறுகள் உண்டு. மாமா வளர்ந்தது தொண்ணூறு நிமிஷ கேசட்டில். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். இன்றைக்கும் கச்சேரி தொடங்கிச் சரியாக அந்த நேரம் ஆனதும், நிரவல் எந்த உச்சியில் இருந்தாலும், அவர் வலது கை தானாக எழும், கேசட்டைத் திருப்பிப் போட. பக்கத்து இருக்கைக்காரர் தாளம் என்று நினைத்துக்கொள்வார். அவரிடம் இருக்கும் ஒரு பழைய ஒலிப்பதிவில் ஸ்வரம் பாடும்போது சபையில் யாரோ இரண்டு தரம் இருமுவார்கள். அதே வித்வான் அதே கீர்த்தனையை இந்த வருஷம் பாடினார். இருமல் வராததில் மாமாவுக்கு மனசே ஆறவில்லை. "என்னமோ குறையறது ஓய்" என்றார் என்னிடம்.

மணிக்கணக்காகத் தோடி வாசிக்கக்கூடிய டி.என்.ராஜரத்தினம் பிள்ளையே இசைத்தட்டுக்காக அதைச் சில நிமிஷத்தில் அடக்கினார்; இவாளுக்கு என்ன கேடு என்பது, ஆலாபனை நீளும்போதெல்லாம் மாமா என் காதில் போடுகிற வாதம். தட்டில் இடம் அவ்வளவுதான் இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

போன வாரம் பேரிடி. காம்போதிக்கு நான்கு நாள் படித்துவிட்டுப் போயிருந்தார். வித்வான் எடுத்தது தர்பாரா நாயகியா என்று பிடிபடவில்லை. பெரிய பெரிய ரசிகர்களே தடுக்கி விழுகிற இடம் அது, வெட்கப்பட ஒன்றுமில்லை. மாமாவுக்கோ முகம் சிவந்துவிட்டது. "இது சிலபஸ்லயே இல்லையே!" முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பாட்டு என்னவோ அபாரமாக இருந்தது; நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஊர் வழக்கப்படி பாதி சபை எழுந்து கேன்டீனுக்கு நடந்தது. மாமாவும் காணோம். மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கொடுத்ததைக் கேட்டுவிட்டுத்தான் நான் வெளியே போனேன். மூலை மேஜையில் கீரை வடை ஆறிக்கொண்டிருந்தது. மாமா இரண்டு காதிலும் இயர்போனைச் செருகி, கண்மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன்.

"நாளைக்குச் சாயங்காலக் கச்சேரி ஓய், பாதிதான் முடிஞ்சிருக்கு" என்று ஒரு காதை மட்டும் விடுவித்தவர், அரங்கத்தின் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"உள்ளே ஏதோ சத்தம் கேக்கறதே, என்னது?"