பத்து ஆணிக்கு ஒரு விண்ணப்பம்

திருகோணமலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சும்மா கிடக்கும் கல்லுக்குத்தான் பஞ்சம். கடலைப் பார்த்த பாறையில் கடவுள் இருப்பார். துறைமுகத்தைப் பார்த்த பாறையில் கடற்படை இருக்கும். குச்சவெளிப் பக்கம் போனால் தொல்லியல் திணைக்களத்தின் பலகை, காட்டுப்பக்கம் போனால் வன இலாகாவின் எல்லைக்கல், அதற்கும் அப்பால் யானை. இந்த நிலவரம் தெரியாமல்தான், ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த என் தங்கையின் மகன், "மாமா, இங்க ஒரு பாறையில போல்ட் அடிச்சு ஏறுற வழி ஒண்டு போடுவமா?" என்று கேட்டான்.

அங்கே கட்டடத்துக்குள் செயற்கைச் சுவர் எழுப்பி, மாதச் சந்தா வாங்கி ஏறவிடுகிறார்களாம். நாங்கள் மாமரத்தில் ஏறியதற்கே பூவரசங்கம்பால் வாங்கிய பரம்பரை. இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். பாறையில் விரல் மொத்தத்துக்குத் துளையிட்டு, ஆணி இறுக்கி, அதில் ஒரு தகட்டைப் பூட்டுவார்கள். ஏறுகிறவர் ஆணிக்கு ஆணி கயிற்றைக் கொளுவிக்கொண்டு போவார். கையும் காலும் பாறையில்தான். வழுக்கினால் மட்டும் ஆணி தாங்கும். ஒழுங்காக அடித்தது இரண்டு தொன் இழுவைக்கும் அசையாது. இருபது மீற்றர் பாறைக்குப் பத்து ஆணி போதும்.

"உப்புக் காத்து திண்டுடுமே?" என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தான். தாய்லாந்தின் றெய்லே கடற்கரைப் பாறைகளில் துருப்பிடிக்காத உருக்கென்று அடித்த ஆணிகளே சில வருஷத்தில் வெடித்து முறிந்தனவாம். இப்போது டைட்டேனியம் ஆணியைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அங்கே இராவணன் தன் தாய்க்காக மலையையே வாளால் வெட்டினான் என்பது ஐதீகம். அவன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தார்கள். அவர்களும் விண்ணப்பம் போடவில்லை. பாறையில் கை வைக்கும் முன் கேட்க நினைத்த முதல் ஆள் என் மருமகன்தான். அதற்குரிய தண்டனை கிடைத்தது.

பெயரில்லாத ஒரு கரையோரப் பாறையைத் தேர்ந்தோம். நான் ஓய்வுபெற்ற கணித வாத்தியார் என்பதால் விண்ணப்பம் எழுதுவது என் தலையில் விழுந்தது. கொண்டுபோன அலுவலகத்தின் முதல் மேசையில், "ஆணியில என்ன தொங்கும்?" என்று கேட்டார்கள். "ஆள்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டாம் மேசையில், "மாஸ்டர், இது எந்தச் சமயத்துக்குரியது?" என்றார்கள். கேள்வியில் பிழையில்லை. இந்த மாவட்டத்தில் பாறையில் ஊன்றிய எதுவும் ஊன்றியபடியே நின்றதில்லை. இன்றைக்கு ஆணி, நாளைக்குக் கொடி, நாளையிண்டைக்கு மதில்.

"இது பொதுக்காணிதானே?" என்று மூன்றாம் மேசையில் கேட்டேன்.

"ஓம் மாஸ்டர், பொதுக்காணிதான். அதனாலதான் ஒருத்தரும் போகேலாது."

பிறகு விளக்கம் வந்தது. பழமை இருந்தால் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம். கரையோரமென்றால் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம். கடற்படை கண்ணுக்குத் தெரிந்தால் கடற்படையின் சம்மதம். திருகோணமலையில் கடற்படை தெரியாத பாறை வேண்டுமென்றால் கடலுக்கு அடியில்தான் தேட வேண்டும். அங்கேயும் நீர்மூழ்கி வரலாம்.

விடாமல் முன்னுதாரணம் காட்டினேன். சிவனொளிபாத மலையில் பாறையோடு பிணைத்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை, 1344 இல் வந்த இபின் பதூதாவே எழுதிவைத்திருக்கிறார் என்றேன். "அந்த விண்ணப்பத்தின்ர கொப்பி ஒண்டு இருக்கோ?" என்றார் அதிகாரி.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1970 இல் சேசரே மேஸ்ட்ரி என்ற இத்தாலியர் தென்னமெரிக்காவின் செரோ தோரே மலையில் பெற்றோல் கொம்பிரசரைக் கட்டி இழுத்துக்கொண்டே ஏறி, நூற்றுக்கணக்கில் ஆணி அடித்தார். 2012 இல் இரண்டு இளைஞர்கள் அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பிடுங்கினார்கள். மலையேறுகிற உலகம் அடித்தவரையும் திட்டியது, பிடுங்கினவர்களையும் திட்டியது. ஆணி அடிக்கும் முன் ஊரைக் கேட்பது நியாயம்தான். கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பதும் நியாயம்தானே?

எப்போது பதில் வரும் என்று கணக்குப் பார்த்தேன். பிரித்தானியர் இங்கே விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 1987 இல் எங்கள் அரசாங்கத்தார் இந்தியாவோடு கடிதம் பரிமாறினார்கள். 2022 இலும் கையெழுத்துப் போட்டார்கள். 99 தாங்கிக்கு 35 வருஷமென்றால், பத்து ஆணிக்கு மூன்றரை வருஷம். மருமகனுக்கு லீவு முடிந்தது. விண்ணப்பம் மேசையில் இருக்கிறது.

அதுவரை ஏறியே தீர வேண்டுமென்று துடிப்பவர்கள் கோணேசர் கோயிலுக்கு ஏறலாம். விண்ணப்பம் தேவையில்லை; செருப்பைக் கழற்றினால் போதும்.